தரங்கம்பாடியின் பெயர் தாங்கிய நண்டு

எலும்புக்கூட்டை உடலுக்குள் கொள்ளாமல் ஓடாகப் புறத்தே அணிந்து, கணுக்கணுவாய் மடங்கும் கால்களால் நடக்கவும் நீந்தவும் செய்யும் உயிர்களை உயிரியல் கணுக்காலிகள் என்று அழைக்கிறது. அவற்றுள் நண்டு, இறால், சிங்கி இறால் முதலியவை அடங்கிய ஓட்டுடலிகள் என்னும் பிரிவில் மட்டும் ஏறத்தாழ 67,000 இனங்களுக்கு இதுவரை பெயரிடப்பட்டுள்ளது. அவற்றில் பெரும்பான்மை கடலில் வாழ்பவை. இந்தப் பெயர்ப்பட்டியலின் மிகப் பழைய அடுக்கில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனிலும் ஜெர்மானியத்திலும் எழுதப்பட்ட நூல்களில், சோழமண்டலக் கரையின் சிறிய துறைமுகமான தரங்கம்பாடி தனி இடம் பெற்றிருக்கிறது. சேற்று நண்டு இனங்களில் ஒன்று இன்றும் 'சில்லா ட்ரான்குபாரிகா' என்று அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. ஒரு தமிழ்க் கடற்கரையூரின் பெயர் நண்டின் ஓட்டில் எவ்வாறு ஏறியது, ஏறிய பின் அந்தப் பெயர் இருநூறு ஆண்டுகளில் என்னென்ன குழப்பங்களைக் கடந்தது என்பது, அறிவியல் வரலாற்றிலும் தமிழகக் கடற்கரையின் வரலாற்றிலும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் அமைந்த தரங்கம்பாடியில், தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டென்மார்க்கு நாட்டு வணிகர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1706இல் மறைப்பணியாளர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கு வந்திறங்கியதிலிருந்து, ஜெர்மனியின் ஹாலே நகரத்துக் கல்வி நிறுவனங்களோடு இவ்வூர் இடையறாத கடிதத் தொடர்பு கொண்டிருந்தது. தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றில் இந்தத் தொடர்பு பெற்ற இடத்தைப் பலரும் எழுதியிருக்கின்றனர். கடிதங்களோடு சிப்பிகளும் உலர்ந்த செடிகளும் சாராயத்தில் ஊறிய மீன்களும் கப்பலேறின என்பது அவ்வளவு பேசப்படவில்லை. வகைப்பாட்டு அறிஞர் லின்னேயஸின் மாணவரும் மருத்துவருமான யோகான் கெர்ஹார்டு கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தது, இயற்கைப் பொருள்களைத் திரட்டும் ஆர்வத்துக்கு முறையான அறிவியல் வடிவம் கொடுத்தது. அவருக்குப் பின் 1771இல் வந்து 1813இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் மறைப்பணியாளர், பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் மார்க்கஸ் பிளாக்குக்குத் தொடர்ந்து மீன்களை அனுப்பினார். கத்தாளை மீன்கள் சிலவற்றை உள்ளடக்கிய 'ஜானியஸ்' என்ற பேரினம் அவர் பெயரைத் தாங்கியது.

ஓட்டுடலிகளைப் பொறுத்தவரை, ஜானைவிட முதன்மையானவர் இங்கோபெர்ட் கார்ல் டால்டார்ஃப் என்னும் படை அலுவலர். நீர்நிலையருகே நின்ற பனைமரத்தின் தண்டில், ஈரம் நிறைந்த பொந்து ஒன்றிலிருந்து 1791இல் மீன் ஒன்றைப் பிடித்ததாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு அறிவித்து, பனையேறிக் கெண்டையை ஐரோப்பாவில் வியப்புக்கும் ஐயத்துக்கும் உரிய பொருளாக்கியவர் இவரே. பூச்சிகளையும் நண்டுகளையும் இவர் பெருமளவில் திரட்டி, கீல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டென்மார்க்குக்காரர் யோகான் கிறிஸ்டியன் ஃபப்ரீசியஸின் ஆய்வுக்குக் கிடைக்கச் செய்தார். ஃபப்ரீசியஸ் 1798இல் வெளியிட்ட பூச்சியியல் பின்னிணைப்பு நூலில், மாதிரியைத் தந்தவர் என்ற முறையில் டால்டார்ஃபின் பெயர் பதிவாகியிருக்கிறது. கரைவலையிலிருந்தும் கட்டுமரத்திலிருந்தும் அந்த நண்டுகளை எடுத்துக் கொடுத்த பட்டினவ மீனவர்களில் ஒருவரின் பெயரும் அங்கே இல்லை. அக்கால வழக்கம் அதுவே என்று விளக்கம் கூறலாம். ஆனால் அவ்விடுபாடு நீதிக்குறைவோடு நிற்கவில்லை, அறிவுக்குறைவாகவும் முடிந்தது என்பதைப் பின்னர் நடந்தவை காட்டுகின்றன.

நண்டுகள் ஏன் பூச்சியியல் நூலில் இடம்பெற்றன என்ற கேள்வி இங்கே எழும். லின்னேயஸ் தமது வகைப்பாட்டில் நண்டு, இறால், தேள், சிலந்தி ஆகிய அனைத்தையும் பூச்சிகள் என்ற வகுப்பின் இறகில்லாப் பிரிவில் வைத்திருந்தார். கணுக்கணுவான காலும் புற ஓடும் இவையனைத்துக்கும் பொது என்ற கவனிப்பே அதற்கு அடிப்படை. தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கும்போது நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாக ஒன்றாகவே நிறுத்துகிறது. புலன்களை எண்ணும் அந்த முறைக்கும் உடலுறுப்புகளை எண்ணும் லின்னேயஸின் முறைக்கும் தொடர்பில்லை. எனினும் கடற்கரையில் ஓடும் நண்டையும் பூவில் ஊதும் தும்பியையும் ஒரே தட்டில் வைக்கத் தோன்றும் அளவுக்கு அவற்றின் ஒற்றுமை கூர்ந்து நோக்குவோர்க்குப் புலப்பட்டிருக்கிறது என்பது கருதத்தக்கது. ஓட்டுடலிகளைக் குறிக்கும் 'கிரஸ்டேசியா' என்ற சொல்லை 1772இல் பயன்படுத்தியவரும் மார்ட்டன் புருன்னிக் என்ற டென்மார்க்குக்காரர்தாம். அவை பூச்சிகளிலிருந்து பிரிந்து தனி வகுப்பாக நிலைபெற 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆயிற்று.

1798ஆம் ஆண்டு நூல் தந்த பெயர்களில் தமிழகக் கரைக்கு மிக நெருக்கமானவை இரண்டு. ஒன்று, சேற்று நண்டுக்கு ஃபப்ரீசியஸ் சூட்டிய 'போர்ட்டூனஸ் ட்ரான்குபாரிகஸ்' என்ற பெயர். டி ஹான் என்ற அறிஞர் 1833இல் 'சில்லா' என்ற பேரினத்தை நிறுவிய பின், முதற்பகுதி மாறி ஊர்ப்பகுதி மட்டும் நிலைத்தது. மற்றொன்று 'பீனியஸ் மோனோடான்', அதாவது உடலெங்கும் கரும்பட்டைகள் ஓடும் வரி இறால். மோனோடான் என்றால் ஒற்றைப் பல் என்று பொருள். அந்த இறாலின் தலைமுனையில் நீளும் கொம்பிலோ மேலும் கீழுமாகப் பல பற்கள் உள்ளன. பெயரும் விளக்கமும் பொருந்தாத இந்த நிலையால், பிற்கால அறிஞர் சிலர் வேறோர் இறால் இனத்தை மோனோடான் என்று கொண்டு எழுதினர். எது உண்மையான மோனோடான் என்பதை நிறுவ லிப்கே ஹோல்துய்ஸ் என்ற டச்சு அறிஞர் 1949இல் தனிக் கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. ஃபப்ரீசியஸின் பேரினப் பெயர்களுக்கும் ஒரு விபத்து நேர்ந்தது. அவர் தம் நூலில் வெளியிட இருந்த பெயர்களில் பலவற்றை ஃபிரீடரிக் வெபர் என்பவர் 1795இலேயே ஒரு பெயர்ப்பட்டியலில் அச்சேற்றிவிட்டதால், முந்தி அச்சேறிய பெயருக்கே உரிமை என்ற விதியின்படி போர்ட்டூனஸ், மட்டூட்டா, கலப்பா முதலிய பேரினங்கள் இன்று வெபரின் கணக்கில் நிற்கின்றன; பீனியஸ் போன்ற சில மட்டும் ஃபப்ரீசியஸுக்கு எஞ்சின.

அதே காலத்தில் பெர்லின் நகரத்துப் போதகரான ஹெர்ப்ஸ்ட், 1782 முதல் 1804 வரை வண்ணப் படங்களோடு மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நண்டு, இறால் பற்றிய நூல், ஓட்டுடலிகளை மட்டுமே பொருளாகக் கொண்ட முதல் பெருநூலாகும். கோபன்ஹேகன் அரச காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் ஸ்பெங்ளர் வழியாகவும் அவருக்கு மாதிரிகள் கிடைத்தன. முதுகில் மூன்று செம்புள்ளிகள் கொண்டதும் தமிழகக் கடைகளில் மூன்று புள்ளி நண்டு என்று விற்கப்படுவதுமான இனத்தின் அறிவியல் பெயரும், சேற்று நண்டுகளில் சிறிய வகையான 'ஒலிவேசியா'வின் பெயரும், நீலக்கால் நண்டுக்கு இன்று வழங்கும் 'ரெட்டிகுலேட்டஸ்' என்ற பெயரும் ஹெர்ப்ஸ்ட் சூட்டியவையே. ஆனால் அவர் பல நண்டுகளுக்குத் தந்த முகவரி 'கிழக்கிந்தியா' என்பதோடு நின்றது. எந்தக் கரை, எந்தக் கழிமுகம், எந்த ஆழம் என்பவற்றைச் சொல்லாத அந்தச் சொல், பின்வந்த ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரையும் அலைக்கழித்தது.

முகவரிக்கும் மேலாக, மாதிரிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் தொலைந்தது நிறம். நண்டின் ஓடு கைட்டின் என்னும் நாரிழைப் பொருளில் சுண்ணாம்பு படிந்து இறுகியது. அதன் நீலமும் பச்சையும், அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால் தோன்றுபவை. சூட்டிலோ சாராயத்திலோ அப்புரதம் சிதையும்போது நிறமி விடுபட்டுச் சிவக்கிறது. குழம்பில் இட்ட நண்டு சிவப்பதும் இதனால்தான். சாராயத்தில் நீண்ட காலம் கிடந்தால் அந்தச் சிவப்பும் வெளிறிப்போகும். ஆகவே கோபன்ஹேகனையும் கீலையும் பெர்லினையும் அடைந்தவை பெரும்பாலும் நிறமிழந்த ஓடுகளே. அறிஞர்கள் ஓட்டின் விளிம்பிலுள்ள முட்களையும் நெற்றிப் பற்களையும் எண்ணி இனம் பிரித்ததற்கு, எண்ணுவதற்கு அவையே மிஞ்சியிருந்தன என்பது ஒரு காரணம். கரையில் வாழ்ந்தோர் உயிருள்ள நண்டைக் கண்டே பெயரிட்டனர். நீலக்கால் நண்டு, மூன்று புள்ளி நண்டு, முதுகில் வெண்சிலுவைக் குறி படர்ந்த சிலுவை நண்டு, கழிமுகச் சேற்றில் வளை தோண்டும் சேற்று நண்டு என்று நிறமும் குறியும் வாழிடமும் பெயரிலேயே அமைந்தன. நெய்தல் திணைப் பாடல்களில் அலவன் என்ற பெயரோடு நண்டும், இறவு என்ற பெயரோடு இறாலும் இடம்பெற்ற கரை இது. அங்கே புழங்கிய பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் ஓட்டை மட்டும் பெட்டியில் வைத்து அனுப்பியது பெரிய இழப்பு.

ஓட்டை மட்டும் நோக்கிய ஆய்வு இந்த உயிர்களின் வாழ்க்கையையும் அறிய முடியாமல் நின்றது. புற ஓடு வளராது. ஆகவே உள்ளிருக்கும் உடல் பெருக்கும்போதெல்லாம் நண்டு பழைய ஓட்டைப் பின்புறமாகப் பிளந்து வெளியேறி, நீரை உறிஞ்சி உப்பி, புதிய மென்தோல் இறுகும் வரை ஒளிந்து கிடக்கிறது. பெண் சேற்று நண்டு ஓடு கழற்றியதும் மென்மையாக இருக்கும் அந்த நாள்களில்தான் இணை சேர்கிறது. ஆண் நண்டு அதற்கு முன்பிருந்தே பெண்ணைத் தன் அடியில் அணைத்துச் சுமந்து காக்கிறது. பின்னர்ச் சினை முற்றிய பெண் கழிமுகத்தை விட்டுக் கடலுக்குச் செல்கிறது. வயிற்று மடலின் கீழ் அது சுமக்கும் முட்டைகள் இலட்சக்கணக்கானவை. அவை பொரிந்து வெளிவரும் குஞ்சுக்கும் நண்டுக்கும் உருவத்தில் ஒற்றுமையே கிடையாது. நீண்ட முள்ளும் பெருங்கண்ணும் கொண்டு நீரில் மிதக்கும் அந்த இளவுயிரைத் தனி விலங்கென்று கருதி, பிரெஞ்சு அறிஞர் போஸ்க் 1802இல் 'சோயியா' என்று பெயரிட்டார். அதன் அடுத்த பருவத்துக்கு 'மெகலோபா' என்றும், கண்ணாடி இலைபோல் தட்டையான சிங்கி இறால் குஞ்சுக்கு 'ஃபில்லோசோமா' என்றும் லீச் என்ற ஆங்கில அறிஞர் தனித்தனிப் பேரினப் பெயர்கள் சூட்டினார். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் வாகன் தாம்ப்சன் என்ற படை மருத்துவர் 1820களில் சோயியாக்களை உயிரோடு வைத்துப் பார்த்து, அவை நண்டின் குஞ்சுகளே என்று நிறுவினார். கப்பலடியிலும் பாறையிலும் சுண்ணாம்புக் கூடாக ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு சிப்பியினம் அன்று, அதன் நீந்தும் குஞ்சு ஓட்டுடலியினது என்று காட்டியவரும் அவரே. பேரினங்களாகப் பிறந்த இப்பெயர்கள் இன்று வளர்ச்சிப் பருவங்களின் பெயர்களாக வழங்குகின்றன.

1845இல் தரங்கம்பாடி பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்குச் செராம்பூரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டு கோபன்ஹேகனிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட 'கலாத்தியா' என்ற ஆய்வுக்கப்பல் கைமாற்றத்தையொட்டி அத்துறைக்கு வந்தது. அதன்பின் இந்தியக் கடல்களின் ஓட்டுடலி ஆய்வு கல்கத்தாவுக்கு நகர்ந்தது. 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற ஆய்வுக்கப்பலில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் அல்காக் 1895 முதல் எழுதிய தொடர் கட்டுரைகள் இன்றும் நண்டாய்வாளர்கள் எடுத்தாள்பவை. விடுதலை ஆண்டான 1947இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கிப் பின்னர் மண்டபத்துக்கு மாறியது. தரங்கம்பாடிக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் வளர்ந்தது.

இக்காலம் முழுவதும் ட்ரான்குபாரிகா என்ற பெயர் நிலைகொள்ளாமல் தவித்தது. டென்மார்க்கு அரசின் அரேபியப் பயணத்தில் சென்று 1763இல் யேமனில் இறந்த ஃபோர்ஸ்கால், செங்கடல் சேற்று நண்டுக்கு வைத்த 'செர்ராட்டா' என்ற பெயர் அவர் இறந்த பின் 1775இல் அச்சேறியிருந்தது. முந்திய பெயர் அது என்பதால், சேற்று நண்டுகள் அனைத்தும் ஒரே இனமென்று கொண்டவர்கள் ட்ரான்குபாரிகாவையும் ஒலிவேசியாவையும் அதற்குள் கரைத்துவிட்டனர். 1949இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் எஸ்டம்படோர் இவ்வொருமையை மறுத்தார். அந்நாட்டு மீனவர் நிறத்தையும் பழக்கத்தையும் கொண்டு சேற்று நண்டுகளை வெவ்வேறு பெயரால் அழைத்துவந்தனர். அப்பெயர்களுள் ஒன்றான 'மமோசைன்' என்பதையே அடியாகக் கொண்டு ஒரு வகைக்கு 'பராமமோசைன்' என்று அவர் பெயரிட்டார். கால்களில் வலைபோல் படரும் கோலம், ஓட்டின் நிறம், முள்ளின் கூர்மை என்று அவர் நம்பிய அடையாளங்கள் உயிருள்ள நண்டில் தெளிவாகத் தெரிபவை. ஆயினும் 1960இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன்சனும் கேம்ப்பெல்லும் இவை சூழலால் விளையும் வேறுபாடுகளே என்று கருதி மீண்டும் அனைத்தையும் ஒரே இனமாக்கினர். உலகெங்கும் அதுவே பாடமாயிற்று.

அந்தப் பாடம் 1998இல் மாறியது. கீனன், டேவி, மான் ஆகிய மூவர் பல கடல்களின் நண்டுகளை எடுத்து, புரத வேறுபாட்டையும் மரபணு வரிசையையும் உடலளவுகளையும் ஒப்பிட்டு, செர்ராட்டா, ட்ரான்குபாரிகா, ஒலிவேசியா, பராமமோசைன் என நான்கு இனங்கள் உண்டென்று நிறுவினர். ஃபப்ரீசியஸ் பெயரிட்டுச் சரியாக 200 ஆண்டுகள் கழிந்த பின் தரங்கம்பாடியின் பெயர் உயிர்பெற்றது. பிலிப்பைன்ஸ் மீனவரின் சொல்லும் இனப்பெயராக உயர்ந்தது. நீலக்கால் நண்டிலும் இத்தகைய திருத்தம் 2010இல் வந்தது. ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை 'பெலாஜிகஸ்' என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டது நான்கு இனங்களெனக் கண்ட ஆய்வாளர்கள், வங்காள விரிகுடாவின் நண்டுக்கு ஹெர்ப்ஸ்ட் 1799இல் வைத்து மறக்கப்பட்ட 'ரெட்டிகுலேட்டஸ்' என்ற பெயரை மீட்டனர்.

வரி இறாலின் வரலாறு வேறு திசையில் சென்றது. 1990களில் அன்றைய நாகை மாவட்டக் கரை நெடுகிலும் மோனோடான் வளர்க்கும் பண்ணைகள் பெருகின. வயல்களிலும் குடிநீரிலும் உப்பேறியதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் அமைந்த இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வெண்புள்ளி நோயும் பண்ணைகளைத் தாக்கியது. 2009 முதல் அமெரிக்கப் பசிபிக் கரைக்குரிய 'வன்னாமி' இறால் அனுமதி பெற்று வந்த பிறகு, இந்தியப் பண்ணைகளில் மோனோடான் பின்தங்கியது.

சேற்று நண்டின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1998க்கு முன்பும் பின்பும் தமிழகத்தின் ஆய்வேடுகளில், உருவில் பெரிய பச்சை நண்டு ட்ரான்குபாரிகா என்றும், கொடுக்கில் செம்மையோடிய சிறிய நண்டு செர்ராட்டா என்றும் எழுதப்பட்டுவந்தன. இந்தியக் கடலோரங்களிலிருந்து மாதிரிகளைத் திரட்டி மரபணுக் குறியீடுகளால் சோதித்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானபோது, அம்மாதிரிகளில் இரண்டே இனங்கள் இருந்தன: பெரிய பச்சை நண்டு செங்கடல் பெயர் பெற்ற செர்ராட்டா, சிறிய செந்நிற நண்டு ஹெர்ப்ஸ்டின் ஒலிவேசியா. தரங்கம்பாடியின் பெயர் கொண்ட இனம் அவற்றில் இல்லை. பெயரிடும் விதிகள் இதனால் பெயரை மாற்ற இடம் தருவதில்லை. ஓர் இனத்தின் பெயர் முதலில் அச்சேறிய நாளாலும் அது சார்ந்த மாதிரியாலும் நிலைப்பதேயன்றி, பெயரின் பொருள் ஊரோடு பொருந்துவதால் நிலைப்பதன்று. ஆகவே மலேசியாவின் அலையாத்திக் காடுகளிலும் பிலிப்பைன்ஸின் கழிமுகங்களிலும் பிடிபடும் நண்டு அங்குள்ள ஆய்வுக்கூடங்களில் தரங்கம்பாடிப் பெயரோடு பதிவாகிறது. காவிரிக் கழிமுகத்துச் சேற்றில் கம்பி விட்டு மீனவர் இழுத்தெடுக்கும் நண்டுகள் வேறிரு அறிவியல் பெயர்களுக்கு உரியவை. பெரியது எது, சிறியது எது, எது எந்தச் சேற்றில் வளை தோண்டும் என்பதை மரபணுச் சோதனைக்கு முன்பே அவர்கள் பிரித்து அறிந்திருந்தனர்.